கண்டக்டர் சேவுகன் காப்புக் கட்டிக்கொண்ட வருஷம்

தனக்கு வந்திருப்பது சாகிற வியாதி என்பது சேவுகனுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தெரியவில்லை. ஊருக்கு வந்து இன்னாசி டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இத்தனைக்கும் டாக்டர் விளக்கமாகத்தான் சொன்னார். இரைப்பையில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது, அடியோடு குணமாக்க முடியாது, ஆனால் வலி தெரியாமல் நாளைத் தள்ளலாம் என்று படம் வரைந்து காட்டினார். சேவுகனோ வாழ்நாளில் பாதியை டவுன் பஸ்ஸில் கண்டக்டராகக் கழித்தவர். யார் வந்து எது சொன்னாலும், ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று பின்னால் தள்ளிவிடுகிற புத்தி. டாக்டர் சொன்னதையும் அப்படியே உள்ளே தள்ளிவிட்டார். கீமோ ஊசியெல்லாம் போட்டு, தலையில் ஒரு முடி மிச்சமில்லாமல் உசிலங்குடிக்குத் திரும்பி வந்தவர், முதல் காரியமாக டீக்கடைக்குப் போனார்.

அந்தக் கடையில் அவருக்கும் வீரய்யாவுக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. வீரய்யா நிலக்கடலை விதைக்கிற சம்சாரி, சேவுகனுக்கு மாப்பிள்ளை முறை. வாலிபத்தில் ஒரு நாள் வீரய்யா அறந்தாங்கிக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். அன்றைக்கு வந்த பஸ்ஸில் சேவுகன்தான் கண்டக்டர். பஸ் வீரய்யாவை ஏற்றாமலே போய்விட்டது. ‘பெண் பார்க்க நேரத்துக்கு வராதவனுக்கு எதற்குப் பெண்’ என்று அவர்கள் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். படியில் ஒரு காலை வைத்தபோதே சேவுகன் விசில் அடித்துவிட்டார் என்பது வீரய்யா கட்சி. பஸ் வந்து நின்றும்கூட வீரய்யா டீக்கடைக் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார் என்பது சேவுகன் கட்சி. கண்ணால் பார்த்த ஒரே சாட்சி இன்னாசியின் அப்பா. அவர் வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைசிவரை வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிறகு வீரய்யாவுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் பிறந்தாயிற்று. ஆனாலும் வழக்கு ஒரு நாள் தவறாமல் காலையில் நடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருவரும் நிற்பார்கள். ‘யோவ் கண்டக்டரு’ என்று வீரய்யா ஆரம்பித்தால் வடை சுடுகிற சட்டியைப் பார்க்க ஆளிருக்காது. வீரய்யாவின் மனைவிகூட ஒரு தடவை கடைக்கு வந்து, அன்றைக்கு அந்தப் பஸ் நின்றிருந்தால் தானாவது தப்பித்திருப்பேன் என்று தன் தரப்பையும் சொல்லிவிட்டுப் போனாள்.

தஞ்சாவூரிலிருந்து திரும்பிய சேவுகன் பெஞ்சில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கை அவரே எடுத்தார்.

“என்ன மாப்ள, அன்னைக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு தலயத்தான சீவிக்கிட்டிருந்த?”

கடையே காதைத் தீட்டிக்கொண்டது. வீரய்யா டீ கிளாஸைக் கீழே வைத்தார். சேவுகனின் மொட்டைத் தலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு நல்ல பிள்ளையாகச் சொன்னார்.

“ஆமா மச்சான். எம் மேலதான் தப்பு. நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க.”

வாடா போடா என்று இருந்த வாயில் முதல் தடவையாக ‘நீங்க’ வந்திருந்தது. இன்னாசி கேட்காமலே ஒரு பன்னைக் கொண்டுவந்து சேவுகன் பக்கத்தில் வைத்தார். டாக்டர் வரைந்து காட்டிய படம் அப்போதுதான் சேவுகனுக்குப் புரிந்தது. டீயைக் குடிக்காமல் எழுந்து வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பதால் ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் வந்து இறங்கின. மனைவி பிரகதாம்பாள் அலமாரியில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஹார்லிக்ஸுக்கு இடம் ஒதுக்கினாள். வந்தவர்கள் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். சேவுகன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பிரகதாம்பாளிடம் விசாரித்தார்கள். நானும் இங்கேதான் இருக்கிறேன் என்று அவர் கையைத் தூக்கிக் காட்டியும் பலனில்லை. இதே நோய் வந்த யாரோ ஒருவரின் கதையை உற்சாகமாக ஆரம்பிப்பார்கள். அந்த ஆள் செத்துப்போன கட்டம் வந்ததும்தான் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பிறகு, அது வேறு மாதிரி, இவருடையது வேறு மாதிரி என்று முடித்துவிட்டு எழுந்து போவார்கள்.

போகும்போது, தங்கமான மனுசன், ஒருத்தரை ஒரு சுடுசொல் சொன்னதில்லை என்று வாசலில் பேசிக்கொள்வது உள்ளே கேட்கும். சில்லறை இல்லாதவனை நடுக்காட்டில் இறக்கிவிட்டு, அவன் பாட்டன் பூட்டன் வரைக்கும் பேசிய மனுசனைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. சேவுகனுக்கு வயிற்று வலியைவிட இந்த நற்பெயர்தான் தாங்க முடியாததாக இருந்தது.

நேராகப் பேசிய ஒரே ஆள் நர்ஸ் சத்யபிரியா. வாரம் ஒரு தடவை ஸ்கூட்டியில் வீடு தேடி வருவாள். வலி மாத்திரையை வலி வந்த பிறகு போடாதீர்கள், மணிக்குச் சரியாகப் போடுங்கள் என்று பிரகதாம்பாளுக்கு மண்டையில் ஏறும்வரை சொல்லுவாள். அவளுக்கும் ஒரு குறை இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இந்த நோய் உள்ள வயதானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசட்டும் என்று துணை சுகாதார நிலையத்தில் கூட்டம் போட்டாள். நாற்காலியெல்லாம் போட்டுச் சுண்டலும் அவித்து வைத்திருந்தாள். ஒரு ஆள்கூட வரவில்லை. வந்தால் நோய் இருப்பது தெரிந்துவிடுமே. சுண்டலை அவளே மூன்று வேளை சாப்பிட்டாள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவள் ஒரு நாள் சேவுகனைக் கேட்டாள்.

“சண்ட போட ஒரு ஆள் வேணும்மா,” என்றார் சேவுகன்.

அவள் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த நிலைமையில் பங்குனித் திருவிழா வந்தது. உசிலங்குடி மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மஞ்சத் தண்ணி ஊற்றிக் காப்பை அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் சாவு விழக் கூடாது. விழுந்தால் அத்தோடு சரி, கொட்டுச் சத்தம் நின்று அடுத்த வருஷம்தான். முந்தின வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு தடவை தெற்குத் தெருவில் ஒரு கிழவர், பொங்கல் பானை பொங்குகிற நேரமாகப் பார்த்துக் கண்ணை மூடினார். அடுத்த தடவை ஒரு மூதாட்டி, காப்புக் கட்டிய மறுநாளே. இந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகள் லீவு போட்டு வந்து இறங்கியிருந்தார்கள். விழாக் கமிட்டியில் உட்கார்ந்து இந்தத் தடவை யார் என்று யோசித்தவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான் ஞாபகம் வந்தது.

கமிட்டித் தலைவர் செந்தமிழன், போர்வெல் லாரி வைத்திருப்பவர். நல்ல மனுஷன், எதையும் முன்கூட்டியே திட்டம் போட்டுவிடுவார் என்பது ஒன்றுதான் அவரிடம் உள்ள கோளாறு. அவரும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், பஸ் டிக்கெட்டைப் பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“பெரியப்பா, தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு மாறுதலுக்கு, காரைக்குடியில வனிதா அக்கா வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்களேன். ஏசி காரு சொல்லிருக்கோம்.”

“மாறுதலா?”

“ஆமா பெரியப்பா.”

“செத்தா காரைக்குடியில சாகணும். அதானப்பா?”

செந்தமிழன் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அச்சடித்திருந்ததை மேலிருந்து கீழே வரை படித்தார். பிறகு, காப்புக் கட்டுகிற அன்றைக்கு விடியலில் கார் வரும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மகள் வனிதாவும் போன் பண்ணி, அப்பா வந்து இருக்கட்டும், ஆஸ்பத்திரியும் பக்கம்தானே என்றாள். அவள் பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் தான் இறங்க வேண்டிய ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே எல்லோருமாகச் சேர்ந்து விசில் அடிப்பதாக சேவுகனுக்குத் தோன்றியது. சாவைப் பற்றி வராத கோபம் அப்போது வந்தது.

காப்புக் கட்டுகிற அன்று கார் வந்து வாசலில் நின்றது. சேவுகன் குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். கிளம்புகிறதற்கு முன்னால் ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றார். அதற்கு எவன் மறுப்புச் சொல்ல முடியும்? கோயிலில் வீரய்யாவும் பால்குடம் எடுக்கிற மற்றவர்களும் வரிசையில் நின்று காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சேவுகன் மெதுவாக ஊர்ந்து போய், இரண்டு பேருக்கு நடுவில் கையை நீட்டினார். குனிந்த தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருந்த பூசாரி, வந்த கைக்கும் மஞ்சள் கொம்பு முடிந்த கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு விழுந்த பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தவருக்குக் கை கால் ஓடவில்லை.

“காப்புக் கட்டுனவன் எல்லையத் தாண்டி ராத் தங்கக் கூடாதுல்ல பூசாரி?” என்று சேவுகன் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

கட்டிய காப்பை நடுவில் அவிழ்ப்பது ஆத்தாளையே ஊரைவிட்டு அனுப்புகிற மாதிரி. அதற்கு ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. ஏசி கார் ஏசியைப் போட்டபடியே ஆளில்லாமல் காரைக்குடிப் பக்கம் திரும்பிப் போனது.

அன்றைக்குக் கமிட்டி அவசரமாகக் கூடி, சத்யபிரியாவை வழிமறித்துக் கூட்டிவந்தது. இவர் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் சாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று செந்தமிழன் கேட்டார். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். அப்படி உத்தரவாதம் கொடுக்க டாக்டராலேயே முடியாது என்றாள். பிறகு, இவ்வளவு பேர் ஒரு நோயாளியைப் பற்றி ஒரே இடத்தில் கேட்பது அதுவே முதல் தடவை என்று உறைத்து, பொறுமையாகச் சொன்னாள். மாத்திரை நேரத்துக்குப் போக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு போக வேண்டும், தனியாக விடாமல் யாராவது பேச்சுத் துணைக்கு இருக்க வேண்டும், மனசு சந்தோஷமாக இருந்தால் வலியும் கொஞ்சம் அடங்கும்.

‘சந்தோஷம்’ என்பதைச் செந்தமிழன் தீர்மானமாகவே போட்டுவிட்டார். காலைக்கு ஒரு ஆள், மத்தியானத்துக்கு ஒரு ஆள், சாயங்காலத்துக்கு ஒரு ஆள் என்று முறை போட்டார்கள். அவர் எதிரில் அழக் கூடாது, சாவுச் செய்தி பேசக் கூடாது, அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கூடாது. மீறி அவரை வருத்தப்பட வைக்கிறவனுக்குக் கோயிலில் திருநீறு கிடையாது. வேட்டுப் போடுகிற இடம் கண்மாய்க்கு அங்கிட்டு மாறியது. மைக் செட் குழாயெல்லாம் சேவுகன் வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

மறுநாளிலிருந்து சேவுகனுக்குச் சந்தோஷம் வந்து இறங்க ஆரம்பித்தது. ரிட்டயர்டு டிரில் வாத்தியார் ஒருவர், சிரித்தால் ரத்த ஓட்டம் வரும் என்று ‘ஹா ஹா’ என்று கையைத் தூக்கிச் சிரித்துக் காட்டி, அவரையும் சிரிக்கச் சொன்னார். வந்த மனுஷன் மனம் நோகக் கூடாதே என்று சேவுகனும் சிரித்துவைத்தார். சிங்கப்பூர்ப் பையன் ஒருவன் பூனைக்குட்டி வீடியோவாகக் காட்டினான். பேப்பர் படித்துக் காட்ட வந்தவர் சாவு, விபத்து, வெட்டு, குத்து எல்லாவற்றையும் தாண்டித் தாண்டிப் போனதில் கடைசியில் தங்கம் விலையும் ராசிபலனும்தான் மிச்சம். சீட்டாட்டத்தில் யாரும் அவரைத் தோற்க விடவில்லை. ஒரு தடவை வேண்டுமென்றே சேராத சீட்டையெல்லாம் சேர்த்து விரித்து, ரம்மி என்றார். மூன்று பேரும் சீட்டைக்கூடப் பார்க்காமல் அருமையான ஆட்டம் என்றார்கள். சேவுகன் சீட்டுக்கட்டைத் தூக்கிப் பரண்மேல் போடச் சொன்னார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த வடக்குத் தெரு மீனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. எண்பதைத் தாண்டிய கட்டை. கம்பை ஊன்றிக்கொண்டு நேராகக் கமிட்டிக்கே போனாள்.

“எனக்குந்தான் மூச்சு வாங்குது. நாளைக்கே பொசுக்குன்னு போயிட்டா ஒங்க திருவிழா என்னாகும்? எனக்கு எங்கப்பா ஆளு?”

செந்தமிழனுக்கு வியர்த்துவிட்டது. மீனம்மாளுக்கும் முறை போட்டார்கள். அது தெரிந்ததும் சர்க்கரைக்காரர், இதயக்காரர், இடுப்பு ஒடிந்தவர் என்று ஒவ்வொருவராக வந்து, தங்களாலும் திருவிழாவை நிறுத்த முடியும் என்று மரியாதையாகத் தெரிவித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு ஆள் போடக் கமிட்டியிடம் ஆளில்லை. கடைசியில் சேவுகன் வீட்டு முன்னால் ஒரு சாமியானாவைப் போட்டு, வாடகை நாற்காலியை இறக்கி, எல்லாரும் இங்கிட்டே வந்து உட்காருங்கள், இங்கேயே சந்தோஷப்படுத்துகிறோம் என்றார் செந்தமிழன்.

இன்னாசியின் அம்மா இன்னாசியம்மாளும் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். காப்புக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு என்ன செய்கிறது என்று மீனம்மாள் கேட்டாள். இன்னாசியம்மாள் கொஞ்ச நேரம் மணியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மார்பில் கட்டி வந்து எடுத்தாயிற்று, இரண்டு வருஷமாக வெளியில் சொல்லவில்லை என்றார். சேவுகன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். ஊசி போட்ட மூன்றாம் நாள் வாயில் எல்லாமே துருப்பிடித்த இரும்பாகக் கசந்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் இன்னாசியம்மாள். தாளித்த வாடை வந்தாலே ஓடத் தோன்றியதா? ஆமாம், பக்கத்து வீட்டு ரசத்துக்குப் பயந்து தான் மாதா கோயிலில் போய் உட்கார்ந்திருந்ததாகவும் ஃபாதர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார் என்றும் சொன்னார். சேவுகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைய முறை டிரில் வாத்தியாருடையது. அவர் அந்தச் சிரிப்பைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் ஸ்கூட்டியில் வந்த சத்யபிரியா சாமியானாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அவள் சுண்டல் அவித்துக் கூப்பிட்டும் வராத கூட்டம் அவ்வளவும் அங்கே உட்கார்ந்து யாருக்கு வாந்தி அதிகம் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தது. இதை யார் ஏற்பாடு செய்தது என்று கேட்டாள்.

“ஆத்தாதான்,” என்றாள் மீனம்மாள்.

எல்லாம் சரிதான். ஆனால் சேவுகனுக்கு வேண்டியது வேறு. சாயங்கால முறையை வீரய்யா தினமும் கேட்டு வாங்கிக்கொண்டார். வந்து கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவார், எது சொன்னாலும் ‘ஆமா மச்சான்’ என்பார். இதே கால்களை ஒடித்துப் போடுவேன் என்று ஆயிரம் தடவை சொன்ன வாய் அது. சேவுகன் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். உன் கடலை பூராவும் பருப்பில்லாத பொக்கு என்றார். உன் காளை வாடிவாசலிலிருந்து பின்பக்கமாக ஓடியது ஊருக்கே தெரியும் என்றார். உன் மீசை சாயத்தில் மழை பட்டு ஒழுகியதை நானே பார்த்தேன் என்றார். ஒவ்வொன்றுக்கும் வீரய்யாவின் காது மடல் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு எச்சிலை விழுங்கிக்கொண்டு, ‘நீங்க சொன்னாச் சரியாத்தான் மச்சான் இருக்கும்’ என்பார். அவர் போன பிறகு சேவுகன் பிரகதாம்பாளிடம் சொன்னார், இவன் என்னைப் புதைத்துவிட்டுத்தான் வந்து காலைப் பிடிக்கிறான் என்று. சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பொங்கலன்று எல்லாருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. காரணம் மீனம்மாள். ஈரலில் நோய் என்றால் ஈரலைத்தான் தின்ன வேண்டும் என்பது அவள் வைத்தியம். கிடா வெட்டின சூட்டோடு சுட்ட ஈரலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, யாரும் பார்க்காதபோது சேவுகன் வாயில் போட்டுவிட்டாள். பல நாளாகக் கஞ்சியைத் தவிர ஒன்றும் தெரியாத நாக்கு, அவரும் ஆசையாகத் தின்றார். அரை மணி நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

கோயிலில் கொட்டு நின்றது. பொங்கல் பானைகளுக்கடியில் தீயைத் தள்ளக்கூட யாருக்கும் கை வரவில்லை. செந்தமிழன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். சத்யபிரியாவுக்குப் போன் போய், அவளும் வந்து சேர்ந்தாள். நாடி பார்த்து, ஊசி போட்டு, தேவைப்பட்டால் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டியைத் தயாராக வையுங்கள் என்றாள். காப்புக் கட்டியிருக்கிறாரே என்று செந்தமிழன் இழுத்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. சொன்னா எங்கிட்ட வரச் சொல்லுங்க.”

செந்தமிழன் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போனார்.

சேவுகனுக்கு லேசாக நினைவு வந்தபோது ஊரே சத்தமில்லாமல் இருந்தது. செத்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். பிறகு கால்மாட்டில் வீரய்யா அவர் பாதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுவது தெரிந்தது. அழக் கூடாது என்ற சட்டத்தைக் கமிட்டி ஆள் யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இது கடைசிச் சந்தர்ப்பமாகவும் இருக்கலாம் என்று சேவுகனுக்குப் பட்டது. கிடந்த தெம்பையெல்லாம் திரட்டி, அந்த நிமிஷத்தில் தோன்றிய ஒரு முழுப் பொய்யை எடுத்து விட்டார்.

“மாப்ள. இத்தன வருசம் ஒனக்குச் சொல்லல. அன்னைக்கு அந்தப் பொண்ணு பஸ்ஸுலதான் இருந்துச்சு. நீ தல சீவுறதப் பாத்துட்டு, ‘விசில அடிங்கண்ணே, கெளம்பட்டும்’னு அதுதான் சொல்லுச்சு.”

வீரய்யாவின் அழுகை பட்டென்று நின்றது. கண்ணீர் வழிந்த முகம் கறுத்துச் சிவந்தது. சேவுகன் ஆசையோடு காத்திருந்தார். வீரய்யா தன் மணிக்கட்டில் இருந்த காப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, “நல்லதுதான் மச்சான்,” என்றார்.

சேவுகன் கண்ணை மூடிக்கொண்டார். ஊசி வேலை செய்ய ஆரம்பித்து, வாந்தி அடங்கி, அவர் வெந்நீர் கேட்டதும் செந்தமிழன் கோயிலைப் பார்த்துக் கையை ஆட்டினார். கொட்டு மறுபடி முழங்கியது. ஊர்ப் பானையெல்லாம் ஒன்றாகப் பொங்கியது.

மறுநாள் மஞ்சத் தண்ணி விளையாடி, ஊர் மஞ்சளாகி, காப்பு அவிழ்ந்தது. சேவுகனின் கயிற்றைப் பூசாரி வீட்டுக்கே வந்து அவிழ்த்தார். இரண்டு வருஷமாக நின்றுபோன திருவிழா முழுசாக முடிந்ததில் செந்தமிழன் குழந்தை மாதிரி அழுதார். காப்பு அவிழ்கிற வரைக்கும் இருந்து கொடுத்தீர்கள் பெரியப்பா என்று காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் வாசலில் ஒருவரும் இல்லை. வாடகைக்காரன் சாமியானாவைச் சுருட்டி, நாற்காலிகளை அடுக்கிக் கொண்டுபோய்விட்டான். சிங்கப்பூர்ப் பையன்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். டிரில் வாத்தியார் சைக்கிளில் போகும்போது ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். பிரகதாம்பாள் மணிக்குச் சரியாக மாத்திரையையும் கஞ்சியையும் கொண்டுவந்து வைத்தாள். இன்னாசியம்மாளும் மீனம்மாளும் சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருப்பதாகச் சொன்னாள். சேவுகன் அதைக் காதில் வாங்கவில்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே எப்ப வேணாலும் சாகலாம்னு பெர்மிஷன் குடுத்துட்டாய்ங்க போல,” என்றார்.

பிரகதாம்பாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. வீரய்யா. கையில் ஆரஞ்சு இல்லை, ஹார்லிக்ஸ் இல்லை. வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார். சட்டைக் கையைச் சுருட்டினார். மஞ்சள் கறை போகாத தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். அதில் காப்பு இல்லை.

“யோவ் கண்டக்டரு. காப்புக் கட்டுன நாள்லேருந்து வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன். இப்பப் பேசுறேன், கேட்டுக்க. எங் கடலை பொக்கா? எங் காளை பின்னாடி ஓடுச்சா? அதக்கூட விடு. அறந்தாங்கிப் பொண்ணுடா அது. அறந்தாங்கியில இருக்க வேண்டிய பொண்ணு, இங்கேருந்து அறந்தாங்கிக்குப் போற பஸ்ஸுல எதுக்குடா வருது? ரெண்டு ராத்திரி தூங்காம யோசிச்சேன். பொய் சொல்றதுலயும் ஒரு அளவு வேணாம்?”

பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. பிரகதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். சேவுகனுக்கு நெஞ்சுக்குள் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. டாக்டர் கொடுத்த எந்த மருந்திலும் அப்படி ஒரு தெம்பு வந்ததில்லை.

“நீ அத்தன நேரம் தல சீவுனா எந்தப் பொண்ணுடா காத்துக்கிட்டிருக்கும்?” என்றார். குரல் பழைய குரலாக வந்தது.

“படியில ஒரு காலு வச்சிருந்தேன். செத்தாலும் நான் அத மாத்திச் சொல்ல மாட்டேன். நீ செத்தாலுஞ் சரி, ஒன் காரியத்தன்னைக்கு வந்து அத்தன சொந்தக்காரன் முன்னாலயும் சொல்லுவேன்.”

‘செத்தாலும்’ என்ற வார்த்தையை அவ்வளவு நாளில் ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சேவுகனுக்குக் கண் கலங்கியது.

“சொல்லு. உசுரு இருக்குற வரைக்கும் நானும் விட மாட்டேன். வா, இன்னாசி கடையில வச்சுப் பேசுவோம்.”

“அங்கேயே வா. ஒனக்கு நடக்க முடியாதுன்னுதான் வண்டி கொண்டாந்திருக்கேன். ஏறு.” வீரய்யா போய் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். புகை வந்தது. பின்சீட்டில் ஒரு பழைய தலையணை கயிற்றால் கட்டியிருந்தது. கோபத்தோடு கோபமாக அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். “மெதுவா ஏறு. நான் ஒன்னய மாதிரி இல்ல. ஆளு ஏறுற வரைக்கும் நிப்பேன்.”

சேவுகன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். பிரகதாம்பாள் தாங்க வந்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு அடி வாசலை நோக்கி வைத்தவர், என்னவோ ஞாபகம் வந்த மாதிரி நின்று, திரும்பி வீட்டுக்குள் போனார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு நடுவில் கையை விட்டுச் சீப்பைத் தேடி எடுத்தார். ஒரு முடிகூட இல்லாத தலையில் வகிடு எடுத்து, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, அவசரமே இல்லாமல் சீவ ஆரம்பித்தார். வெளியே வீரய்யா விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.